மற்றவை நாற்பத்தொன்று

விதுரா பஸ் நிலையத்தில் இறங்கியபோது ராகேல் சந்தோஷமாகத்தான் இருந்தாள். சனிக்கிழமை, மதியம் ஒன்று பத்து. திருவனந்தபுரத்தில் பஸ் ஏறியதும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தவள், நெடுமங்காடு வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் தூங்கியிருந்தாள். ஒன்றரைக்குப் போனக்காடு பஸ். தேயிலை எஸ்டேட் வேலை நின்று வருஷங்கள் ஆகியும் லயத்து வீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று அங்கேயே கிடக்கும் அம்மாவுக்குக் கருவாடும், முட்டியில் தேய்க்கும் தைலமும் பைக்குள் இருந்தன.

போனை எடுத்துப் பார்த்தாள். ஜிபினிடமிருந்து ஒரு செய்தி, பதினொன்று இருபதுக்கு வந்தது. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு என்று இருப்பதே இரண்டு பேர்தான், அவளும் ஜிபினும். அவன் பாறசாலைக்காரன். வாய்க்கு வந்த தமிழை வந்தபடி எழுதுவான்.

"எக்கா, உங்க லிஸ்ட் மேடத்துக்கு ரொம்பப் பிடிச்சு. ஒத்தப் பேப்பர்ல எல்லாம் மனசிலாயிட்டுன்னு சொன்னாவ. கடைசில கெடக்க மற்றவை 41 யாருக்கும் வேண்டாததுதானே, எடுத்துக் களைன்னாவ. எடுத்தாச்சு. மிஷினு ஜம்முன்னு ஓடுது. ஊருக்குப் போய் நல்லாத் தின்னுட்டு உறங்குங்க."

முதல் தடவை படித்தபோது பெருமையாக இருந்தது. இரண்டாவது தடவை படித்தபோது ஏதோ உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் தணிக்கைக்கு வந்த ஒருவர், ஆஸ்பத்திரியின் பெரிய சர்வரில் என்னென்ன மென்பொருள் நிறுவியிருக்கிறீர்கள், பட்டியல் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். ராகேல் ஒரு கட்டளை தட்டி அச்செடுத்துக் கொடுத்தாள். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பெயர்கள், முப்பத்தோரு பக்கம். நிர்வாக அதிகாரி ஸ்ரீலட்சுமி மேடம் கரமனை அக்ரஹாரத்துக்காரர்; மற்றவர்களிடம் மலையாளம், ராகேலிடம் மட்டும் வீட்டுத் தமிழ். நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தாள்கட்டை மேஜைமேல் போட்டார்.

"இது என்னதுடி, முப்பத்தோரு பக்கம்? யாரு உக்காந்து வாசிப்பா இத? எனக்கு மனசிலாகணும், சேர்மனுக்கு மனசிலாகணும். ஒரே ஒரு ஷீட்டு. கேட்டியோ?"

அது தப்பான கேள்வியாக ராகேலுக்குப் படவில்லை. அந்தப் பட்டியல் அவளுக்கே புரியாது. பாதிப் பெயர்கள் எழுத்தும் எண்ணும் புள்ளியும் கலந்து துப்பியது மாதிரி இருக்கும். ஒரு மென்பொருளை நிறுவினால் அது தனக்கு வேண்டிய பத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அந்தப் பத்து இன்னும் நாற்பதை இழுத்துவரும். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று பட்டியல் சொல்லாது. அகர வரிசையில் எல்லோரையும் வெயிலில் நிறுத்திவிட்டுப் போய்விடும்.

அப்போதுதான் அவளுக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்தி வருகை எடுப்பதற்குப் பெயர் பெரட்டு. அங்கே அகர வரிசை கிடையாது. கங்காணி ஒருவன் முன்னால் வந்து நிற்பான், அவனுக்குப் பின்னால் அவன் ஆட்கள். கணக்கெழுதும் ரைட்டர், கங்காணி பெயரை எழுதி, அதற்குக் கீழே ஆட்களை எழுதுவார். புத்தகத்தைப் பார்த்த எவனுக்கும் யார் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும். கடைசியில் எந்தக் கங்காணிக்கும் சேராத கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். பைப்பு திறக்கிறவன், வடிகால் கான் வெட்டுகிறவன், பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுகிறவள். இவர்களுக்குப் பெயர் எழுதுவதில்லை. 'மற்ற ஆள் 6' என்று எண்ணிக்கை மட்டும் அடியில் விழும். எழுத என்ன அவசியம்? அந்த ஆறு முகமும் ரைட்டருக்குத் தெரியும். ராகேலின் அம்மா இருபத்திரண்டு வருஷம் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டியது அந்த ஆறில் ஒரு ஆளாகத்தான்.

ராகேல் அப்படியே செய்தாள். நோயாளிப் பதிவு, மருந்துக்கடை, லேப், ஸ்கேன் என்று ஒன்பது பெரிய மென்பொருளைக் கங்காணிகளாக நிறுத்தினாள். எது எதற்காக வந்ததோ அதற்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்து, முக்கியமான பெயர்களையும் மொத்த எண்ணிக்கையையும் போட்டாள். மூன்று ராத்திரி கண் விழித்த வேலை. கடைசியில் எதற்கும் சேராமல் நாற்பத்தொன்று மிஞ்சியது. தாளில் இடமும் மிஞ்சவில்லை. 'மற்றவை 41' என்று அவள் கை தானாக எழுதியது; பெயர்கள் ஜிபினும் பார்க்கும் வேறொரு ஃபைலில் கிடந்தன.

இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அவள் தன்னையே கேட்டாள். அந்த நாற்பத்தொன்றின் முகம் யாருக்குத் தெரியும்?

பழைய நீளப் பட்டியல் போனில் இருந்தது. திறந்து, மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாகத் தேடினாள். பழைய பிரிண்டருக்கான ஒன்று, போகட்டும். எழுத்துருக்கள், போகட்டும். எவனோ விளையாட வைத்த சதுரங்கம். பிறகு ஒரு பெயரில் விரல் நின்றது.

காமு.

இந்தப் பெயரை வைத்து ஜிபின் போன வாரம் சிரித்தான். "யாராக்கும் எக்கா இந்தக் காமு? பென்ஷன் வாங்க வந்த அம்மச்சி போல இருக்கு." அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். இப்போது அதற்கு நேரே ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரி விளக்கத்தைப் படித்தாள். சிம் கார்டு போட்ட கருவி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல்.

சர்வருக்குப் பின்னால், தூசியில், சிம் கார்டு போட்ட ஒரு சின்ன டப்பா ஒட்டியிருப்பது அவள் கண்ணில் வந்தது. பிச்சைக்கனி அண்ணாச்சியும் அதோடு வந்தார்.

பிச்சைக்கனி ஆஸ்பத்திரியில் ஏசியும் ஃபிரிட்ஜும் பார்க்கும் மெக்கானிக். தென்காசிப் பக்கம். ரத்தம் வைக்கும் பெட்டி அவர் பொறுப்பு. கதவு ரப்பர் பிய்ந்த பழைய பெட்டி அது. அந்த அறைக்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது, ஒரு யு.பி.எஸ். உண்டு, அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். பெட்டியில் இருந்த பீப் ஒலி தலைவலிக்கிறது என்று நர்ஸுகள் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் அவர், ராகேலுக்கு முன்பு வேலை பார்த்து இப்போது துபாய்க்குப் போய்விட்டவனைப் பிடித்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வயர் சர்வருக்கு வரும். சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். துபாய்க்காரன் கையால் எழுதி வைத்த இருபது வரி அது. கையால் எழுதியது எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் காமுவை அது தினமும் கூப்பிடுகிறது என்பதும் பட்டியலில் வராது.

ஒருநாள் கேண்டீனில் அவர் போன் சத்தம் போட்டதை ராகேல் நேரில் பார்த்திருக்கிறாள். வாயில் வைத்த பழம்பொரியைத் தட்டில் துப்பிவிட்டு ஓடினார். திரும்பி வந்து, "நம்ம பெட்டி கூப்பிட்டுச்சு தாயி" என்றார். அந்தச் செய்தியை அனுப்புவது யார் என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்.

இன்னும் இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது, இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒன்று, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த தாள்: சனிக்கிழமை பதினொன்றரை முதல் ஒரு மணி வரை லைன் வேலை, கரண்ட் இருக்காது. இன்னொன்று, நேற்று டீ குடிக்கும்போது பிச்சைக்கனி தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னது.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு நம்ம விஜயத்துக்கு ஆப்ரேசன் தாயி. கர்ப்பப்பைய எடுக்காவ. ரெண்டு பை ரத்தம் தனியா எடுத்து வச்சாச்சு. நம்ம பெட்டிலதான் இருக்கு. அதுல நமக்குப் பயமில்ல."

மணி ஒன்று பதினெட்டு.

ஜிபினைக் கூப்பிட்டாள். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் தட்டுச் சத்தம்.

"எக்கா, நான் இப்பம்தான் பிரியாணிக்கு முன்ன இருந்தேன். என்னவாக்கும் காரியம்?"

"ஜிபின், அந்த நாப்பத்தொண்ணுல காமுவும் போயிருச்சா?"

"அம்மச்சியா? எல்லாத்தையும் ஒண்ணாத்தான் எடுத்தேன். ஏன்?"

சொன்னாள். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. ரத்தப் பெட்டி, எஸ்.எம்.எஸ்., கரண்ட், விஜயம். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது.

"நீங்கதானே எக்கா வேண்டாத கூட்டத்துல போட்டது?"

"வேண்டாததுன்னு நான் எழுதல."

"எழுதல, சரிதான். பேரும் எழுதலியே." கோபமாகச் சொல்லவில்லை. அவனும் பயந்துவிட்டான் என்று குரலில் தெரிந்தது. "மேடம் சொன்னப்போ நான் ஒருக்கா பாத்திருக்கணும். ஒத்த வரி. ஒத்த வரில இருக்கத எடுக்க எனக்கும் எளுப்பமா இருந்து."

"எவ்வளவு நேரத்துல மிஷினுக்குப் போவ?"

"கால் மணிக்கூர்."

"பெட்டி சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் ஒரு ஃபைல்ல பதியும். அதத் திறந்து பாரு. உடனே என்னக் கூப்பிடு."

போனை வைத்தாள். அடுத்துக் கூப்பிட வேண்டிய ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். விரல் அந்தப் பெயருக்குப் போகவில்லை. என்னவென்று சொல்வது? யு.பி.எஸ். தாங்கியிருக்கலாம். பெட்டி சூடேறாமலும் இருந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாததற்கு ஓர் ஆபரேஷனை நிறுத்தினால், நிறுத்தியவளை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் கையெழுத்து ஸ்ரீலட்சுமி மேடத்தினுடையது. கால் மணி நேரம்தானே, ஜிபின் பார்த்துச் சொல்லட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

போனக்காடு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "போணக்காடு, போணக்காடு, கேறிக்கோ" என்றான். ஏழெட்டுப் பேர் சாமான் மூட்டைகளோடு ஏறினார்கள். லயத்துச் சனம்தான். தெரிந்த ஒரு அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய் ராகேலு, எடம் போட்டிருக்கேன், வா" என்றாள்.

செக்போஸ்ட் தாண்டினால் சிக்னல் கிடையாது. ஏறிவிட்டால் திங்கட்கிழமை வரை அவளை யாரும் பிடிக்க முடியாது. ஜிபின் பிடிக்க முடியாது, மேடம் பிடிக்க முடியாது. என்ன நடந்தாலும் அவள் மலையில் இருந்தாள், போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது; எடுக்கச் சொன்னவர் வேறு, எடுத்தவன் வேறு.

இதையெல்லாம் அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படியில் ஒரு கால் வைத்தும் விட்டாள். கம்பி வெயிலில் கொதித்தது.

"கேறுன்னோ?" என்றான் கண்டக்டர்.

"இல்ல" என்று காலை எடுத்தாள். அந்த அக்கா ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. பஸ் போய்விட்டது.

பிச்சைக்கனி முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையில் வைத்தே உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

"சொல்லு தாயி. ஊருக்குப் போய்ச் சேந்துட்டியா? இவள இப்பத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாவ. பயந்துட்டே போறா. நான் சொன்னேன், ஏளா, ரத்தம் கூட நம்ம கைப் பெட்டில இருக்கு, ஒனக்கு என்ன பயம்னு."

"அண்ணாச்சி, காலைல பெட்டியப் பாத்தீங்களா?"

"இன்னைக்கு எனக்கு லீவுல்லா. போன் ஒரு சத்தம் போடல. சத்தம் இல்லன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தம்."

ராகேல் கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணாச்சி, அந்தப் போன் சத்தம் போடாது. மெசேஜ் அனுப்புற ப்ரோக்ராம எடுத்துட்டாங்க. என் லிஸ்ட்ட வச்சுத்தான் எடுத்தாங்க. பெட்டி சூடானாலும் உங்களுக்கு வராது."

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை அழுவதும், டோக்கன் எண் சொல்லும் இயந்திரக் குரலும் கேட்டன.

"எப்பலருந்து?"

"பதினொண்ணு இருவதுலருந்து."

"கரண்டு பதினொண்ணரைக்குல்லா போச்சு" என்றார் பிச்சைக்கனி. பிறகு செருப்புச் சத்தம். ஓடுகிறார். போனை அணைக்கவில்லை. படியில் மூச்சு வாங்குவது அப்படியே கேட்டது. இரண்டு மாடி.

ரத்த அறையில் இருந்தது ஸ்வப்னா, லேப் டெக்னீஷியன். அவள் குரல் தூரத்தில் மலையாளத்தில் கேட்டது. "எந்தா சேட்டா? அஞ்சு டிகிரியாணல்லோ. ஒரு ப்ராப்ளமும் இல்ல. ஒரு பேக் ஞான் இப்போ முகளிலேக்கு கொடுத்து விட்டு."

ஒரு பை மேலே தியேட்டருக்குப் போய்விட்டது.

இதுதான் அவள் பயந்தது. இப்போது அஞ்சு டிகிரி காட்டும். ஒரு மணிக்குக் கரண்ட் வந்ததும் பெட்டி திரும்பக் குளிர்ந்திருக்கும். நடுவில் என்ன ஆனதென்று பெட்டியின் முகத்தில் எழுதியிருக்காது. கெட்டுப்போய்த் திரும்பக் குளிர்ந்த ரத்தமும் நல்ல ரத்தமும் கண்ணுக்கு ஒன்றுதான்.

"அண்ணாச்சி, போன அவங்ககிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தார். ராகேல் மலையாளத்தில் சொன்னாள்: அந்தப் பையைக் குத்த வேண்டாம், பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்கள். ஸ்வப்னா, டாக்டர் காரணம் கேட்பார், என்ன சொல்ல என்றாள். நியாயமான கேள்வி. "என் பேரைச் சொல்லுங்கள்" என்றாள் ராகேல். வேறு காரணம் அவளிடம் அப்போது இல்லை.

இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஜிபின். இரண்டையும் சேர்த்துப் போட்டாள்.

"எக்கா, ஃபைல் கிட்டிச்சு." அவனுக்கும் மூச்சு வாங்கியது. "எங்கயிருந்து படிக்க?"

"பதினொண்ணரைலருந்து படி. மெதுவா."

"பதினொண்ணு முப்பது, நாலு. பதினொண்ணு நாப்பத்தஞ்சு, நாலு. பன்னெண்டு, அஞ்சு." அவன் நிறுத்தினான்.

"படி."

"பன்னெண்டு பத்து, எட்டு. பன்னெண்டு இருவது, ஒம்பது. பன்னெண்டு நாப்பது, பதினொண்ணு. பன்னெண்டு அம்பத்தஞ்சு, பதிமூணு. ஒண்ணு பத்து, பத்து. ஒண்ணு இருவது, எட்டு."

"பதிமூணோ?" என்றாள் ஸ்வப்னா. கதவு மோதிய சத்தம் மட்டும் கேட்டது. தியேட்டருக்கு ஓடினாள்.

ஜிபின் இன்னும் படித்துக்கொண்டிருந்தான், யாரும் கேட்காமலே. "இடைக்கிடைக்கு வேற வரி இருக்கு எக்கா. பிச்சைக்கனி நம்பரு. அனுப்ப முடியல, காமுவக் காணல. அடுத்த ரெண்டு மினிட்ல பின்னயும். அனுப்ப முடியல, காமுவக் காணல. முப்பத்தாறு வட்டம் கூப்பிட்டிருக்கு எக்கா."

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பெட்டி கத்தியிருக்கிறது. அந்த நேரம் அவள் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிச்சைக்கனி போனைக் கையில் வைத்து, சத்தம் இல்லை, சமாதானம் என்று பெண்டாட்டிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழைப்பு அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட அவளுக்குத் துணிவு வரவில்லை. பஸ் நிலையத்தில் ஒருவன் அன்னாசிப் பழத்தைக் கீறி உப்பு மிளகாய் தூவி விற்றுக்கொண்டிருந்தான். கத்தி ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள். மணி இரண்டு ஆனது. இரண்டு ஏழு.

இரண்டு பன்னிரண்டுக்குப் பிச்சைக்கனி கூப்பிட்டார்.

"குத்தல" என்றார். "ஸ்டாண்டுல தொங்கிட்டிருந்துச்சாம். ஊசி போடல. ரெண்டு பையும் களைஞ்சுட்டாவ. அந்தப் பெட்டில இருந்த பதினாலு பையும். வெளிய வேற பேங்குலருந்து வருதாம். அதுக்கு அப்புறம்தான் ஆப்ரேசனாம்."

"அண்ணாச்சி..."

"ஒன்ன ஏச வாய் வருது தாயி. நல்லா ஏசணும்னு வருது. ஆனா நீ கூப்பிட்ட. அதனால ஏசாம வைக்கேன்." வைத்துவிட்டார்.

மேடம் கூப்பிட்டபோது மணி இரண்டரை. அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது. மேடத்தின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. அதுதான் ராகேலை இன்னும் பயமுறுத்தியது.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்னு நீ சொல்லுவே. ஒரு ஷீட்டுல குடுன்னு கேட்டதும் நாந்தான். ஆனா அந்த ஷீட்டுல காமுன்னு ஒரு பேரு இருந்திருந்தா, இது யாருடீன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனோ இல்லையோ? எங்காத்துலயும் ஒரு காமு சித்தி உண்டு. அந்தப் பேருக்காகவாவது கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பீங்க மேடம்."

"திங்கக்கிழமை சேர்மன் கேப்பார். யாரு பேரச் சொல்றதுன்னு எனக்கே மனசிலாகல்லே. நீ என்ன நடந்ததோ அதை எழுதிண்டு வா. மத்ததை அப்பறம் பாக்கலாம்."

மத்ததை என்றால் என்ன என்று ராகேல் கேட்கவில்லை.

அடுத்த பஸ் ஐந்து மணிக்கு. அந்த இரண்டரை மணி நேரமும் பெஞ்சிலேயே கழிந்தது. பக்கத்துக் கடையில் வாங்கிய நோட்டில் நாற்பத்தொன்றையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதினாள். ஜிபின் எல்லாவற்றையும் திரும்ப நிறுவிவிட்டு மிஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி எழுதினார்கள். பெயர். அது செய்யும் வேலை, சாதாரணப் பேச்சில். அது இல்லாவிட்டால் யார் கஷ்டப்படுவார்கள். யாரைக் கேட்க வேண்டும்.

'காமு. ரத்தப் பெட்டி சூடானால் பிச்சைக்கனிக்குச் சொல்லும். இது இல்லாவிட்டால் பெட்டி கெட்டது யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய ஆள்: பிச்சைக்கனி.'

கேட்டுக் கேட்டு முப்பத்திரண்டுக்கு ஆள் கிடைத்தது. பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் அறை, சவக்கிடங்குப் பதிவு, துணி வெளுக்கிற இடத்தில் சீட்டு அடிக்கிற பிரிண்டர். ஒன்பதுக்கு யாரும் கிடைக்கவில்லை. துபாய்க்காரனுக்குப் போட்ட செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. அந்த ஒன்பதுக்கும் நேரே, 'தெரியவில்லை, தொடக் கூடாது' என்று எழுதினாள். அந்த ஒன்பதும் பதினொன்று இருபதிலிருந்து இரண்டு மணி வரை இல்லாமல்தான் இருந்தன. அந்த நேரத்தில் அவற்றை எது கூப்பிட்டது, எத்தனை தடவை கூப்பிட்டது, அதைப் படிக்க எந்த ஃபைலைத் திறக்க வேண்டும்?

இன்னொன்றும் செய்தாள். சூடானால் மட்டும் பேசுகிற அந்த இருபது வரியில், ஜிபினிடம் மூன்று வரி சேர்க்கச் சொன்னாள். நன்றாக இருந்தாலும் மணிக்கு ஒருமுறை பேச வேண்டும். பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆள் இருக்கேன் என்று சொல்கிற மாதிரி. பிச்சைக்கனிக்கும் அவளுக்கும், இரண்டு பேருக்கும் வர வேண்டும்.

நாலு மணிக்கு முதல் செய்தி வந்தது. 'இருக்கேன். 4 டிகிரி.' பெட்டி காலிதான், ஒரு பை ரத்தம் அதில் இல்லை. ஆனாலும் போன் நடுங்கியபோது அவள் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். நாலேகாலுக்கு ஸ்வப்னாவிடமிருந்து ஒரு வரி: வெளி ரத்தம் வந்தது, விஜயத்தை உள்ளே எடுத்துவிட்டார்கள். பிச்சைக்கனியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஐந்துக்கு இரண்டாவது. 'இருக்கேன். 4 டிகிரி.'

பஸ் நிறைந்து போயிருந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையில் போனோடு நின்றாள். டயர் வெடித்து வழியில் நின்றுபோன ஒருவனுக்குக் காத்திருந்து, அரிசி மூட்டை ஏற்றி, ஐந்து நாற்பதுக்குத்தான் புறப்பட்டது. செக்போஸ்டில் காட்டிலாகாக்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். போனில் மூன்று கோடு இரண்டானது, இரண்டு ஒன்றானது. பக்கத்தில் நின்ற கிழவர் அவள் முகத்தைப் பார்த்து, "யாருக்கு முடியல புள்ள?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் கடைசிக் கோடும் போனது. ஆறு மணிச் செய்திக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. விஜயம் தியேட்டரை விட்டு வெளியே வந்தாளா என்றும் தெரியவில்லை. பஸ் முதல் வளைவில் திரும்பி ஏறியது.